மறுமொழி: ஆம்பியன்ட்டுக்குச் ‘சூழிசை’, பெயர்க் கட்டங்களுக்கு என்ன?

வணக்கம் நண்பர்களே,

இசை வெளியீட்டுச் செயலியைத் தமிழாக்கும் நம் சொற்பட்டியலில் இழுபறியாகக் கிடப்பவை இரண்டு: ‘ஆம்பியன்ட்’ (ambient) என்ற இசை வகையின் பெயர், புனைபெயரில் வெளியிடுபவர் படிவத்தில் நிரப்ப வேண்டிய பெயர்க் கட்டங்கள். முதலாவது எளிது, இரண்டாவதில்தான் வில்லங்கம்.

ஆம்பியன்ட்டுக்குப் ‘பின்னணி இசை’ போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. பின்னணி என்றால் முன்னால் ஒரு காட்சியோ வசனமோ இருந்தாக வேண்டும். இங்கே இசைக்கு முன்னால் எதுவும் இல்லை. ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஒரு தொகுப்பை உருவாக்கி இந்த வகைக்குப் பெயர் சூட்டினார். கவனித்துக் கேட்டாலும் சுவைக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது என்பது அவர் வைத்த இலக்கணம். கடைகளில் ஓடவிடும் நிரப்பு இசையிலிருந்து பிரித்துக் காட்டத்தான் தனிப்பெயரே வைத்தார். நாம் போய் மறுபடி ஒட்டவைப்பானேன்?

அவருக்கு முன்னோடி பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி. ‘அறைகலன் இசை’ என்று இவர் பெயரிட்டது 1917இல். 1920இல் பாரிஸில் ஒரு நிகழ்ச்சியின் இடைவேளையில் அதை வாசித்தபோது, மக்கள் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். “பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள்” என்று மனிதர் பதறியிருக்கிறார். அறையில் நாற்காலி இருப்பதுபோல் இசையும் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

‘சுற்றுப்புற இசை’ என்றால் தெரு இரைச்சலைப் பதிவு செய்ததுபோல் ஒலிக்கிறது. அது களப்பதிவு, வேறு சமாச்சாரம். ‘சூழலிசை’ பரவாயில்லை, ஆனால் சூழல் என்றதும் இப்போதெல்லாம் காடும் மாசும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே என் ஓட்டு சூழிசைக்கு. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் இசை: சுத்தமான வினைத்தொகை. சூழ்ச்சி நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சூழ்நிலை என்று சொல்லும்போது யாரும் சதியை நினைப்பதில்லை. கிளைச்சொற்களும் தாமாக வருகின்றன. சூழிசைத் தொகுப்பு, சூழிசைக் கலைஞர். இருண்ட மனநிலை கொண்ட கிளைவகையான டார்க் ஆம்பியன்ட்டுக்கு ‘இருள்சூழிசை’ என்று சொல்லிப் பாருங்கள், கூட்டிச் சொன்னதுபோலவே இல்லை.

சரி, பெயர்கள். புனைபெயருக்கு ‘முத்திரை’ (கீர்த்தனைக்குள் அதை இயற்றியவர் வைக்கும் அடையாளச் சொல்) என்ற பரிந்துரையைப் படித்ததும் சபாஷ் போட்டேன். முத்துசுவாமி தீட்சிதரின் ‘குருகுஹ’ அவருடைய பெயரே அல்ல, ஆனால் அதைக் கேட்டால் கீர்த்தனை யாருடையது என்று தெரிந்துவிடும். ஆனாலும் தயக்கம் இருக்கிறது. முத்திரை சாகித்தியத்துக்குள், அதாவது பாடல் வரிகளுக்குள், உட்காருவது. சூழிசையில் பெரும்பாலும் சாகித்தியமே கிடையாது, எங்கே கொண்டுபோய் வைப்பது? தவிர, முத்திரை ஆளைக் காட்டிக் கொடுக்கும். நாம் தேடுவது மறைப்பதற்கு.

தொகுப்பின் அட்டையில் போடும் பெயருக்குப் ‘புனைபெயர்’ என்றும் கட்டாயப்படுத்த முடியாது, சொந்தப் பெயரிலேயே வெளியிடுபவரும் அதே கட்டத்தைத்தான் நிரப்புவார். மின்னணு இசைக்கலைஞர் ரிச்சர்ட் டி. ஜேம்ஸுக்கு அஃபெக்ஸ் ட்வின், பாலிகான் விண்டோ என்று பல பெயர்கள் உண்டு. அதனால் அந்தக் கட்டத்துக்கு ‘வெளியீட்டுப் பெயர்’.

வில்லங்கம் அடுத்த கட்டத்தில். இசையைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளங்கள் பல, பாடலாக்கியர் (songwriter) என்ற இடத்தில் சட்டப்படியான பெயரைக் கேட்கின்றன. அதை நிரப்பினால் கேட்பொலிச் செயலிகளின் பங்களிப்பாளர் விவரத்தில் அப்படியே வந்து நின்றுவிடும். அட்டையில் ஒளிந்தவர் இரண்டு தட்டலில் அகப்படுகிறார்! ‘இயற்பெயர்’ என்று இக்கட்டத்துக்கு எழுதினால் குழப்பம் கூடும். பெயரை முறைப்படி மாற்றிக்கொண்டவரின் இயற்பெயர் வேறு, இன்றைய பெயர் வேறு. ‘சட்டப் பெயர்’ என்றே வைப்போம், அதன் கீழே ‘இது கேட்பவருக்குத் தெரியக்கூடும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

உரிமத் தொகை வசூலிக்கும் சங்கங்களில் புனைபெயரையும் பதிந்துகொள்ளலாம். அதற்கென்று தனி எண் தருவார்கள், பணம் அதே ஆளிடம் வந்து சேரும். அந்தப் பட்டியலில் மட்டும் ‘புனைபெயர்’ என்ற பழைய சொல்லே போதும், புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

‘பாடலாக்கியர்’தான் எனக்கு இன்னும் இடிக்கிறது. பாட்டே இல்லாத இசைக்கு அது பொருந்தவில்லை. ‘இசையாக்கியர்’ சரிவருமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.