வெந்நி பாதியில பச்சத்தண்ணி ஆகுதா? வெளிநாட்டுக்குப் புதுசா போன நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

முக்கூடல், இப்போ பிராம்ப்டன்

அண்ணாச்சி, வணக்கம். கனடாவுல எங்களுக்கு இது முதல் குளிர்காலம். ஷவர்ல வெந்நி நல்லாத்தான் ஆரம்பிக்கி. ஒரு ஆள் குளிச்சு முடிக்கதுக்குள்ள வெதுவெதுப்பாகி, பொறவு கையை வைக்க முடியாத குளிர்ச்சி. வீட்டு ஓனர்ட்ட சொன்னா "குளிர்காலத்துல அப்படித்தான்"ங்காரு. கீழ பேஸ்மென்ட்ல ஆளுயர டேங்க் ஒண்ணு நிக்கி. அது கரண்டா கேஸான்னுகூட எனக்குத் தெரியல. அடுத்த மாசம் அம்மை வாராவ, மூட்டுவலிக்காரி. நான் எதைப் பாக்கணும்?

பாளையங்கோட்டை

தங்கச்சி, முதல்ல ஒரு வாளி எடுங்க. சிரிக்க வேண்டாம். "வெந்நி சரியா வரல"ன்னு சொன்னா வீட்டு ஓனருக்கும் வெளங்காது, டெக்னீசியனுக்கும் வெளங்காது. எத்தனாவது வாளியில ஆறுதுன்னு சொன்னா வந்தவன் நேரா கோளாறு இருக்க இடத்துக்குப் போவான். வளைகுடாவுலயும் பொறவு கனடாவுலயும் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்துட்டு ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான். இன்னைக்கும் ராத்திரி வாட்ஸாப்ல வாரதுல பாதி இந்த வெந்நிச் சங்கதிதான்.

காலையில யாரும் குழாயைத் தொடுறதுக்கு முன்னால, தொட்டிக் குழாய்ல வெந்நியை மட்டும் முழுசாத் திறந்து, 18 லிட்டர் வாளியில பிடிங்க. ஒவ்வொரு வாளியிலயும் சமையல் தெர்மாமீட்டரை விட்டுக் குறிச்சு வைங்க. பிடிச்ச தண்ணியில துணி நனைங்க, தரை கழுவுங்க, வீணாக்க வேண்டாம். அடுத்த நாள் இதையே அடுப்படிக் குழாய்லயும் பாருங்க. அடுப்படியில கடைசி வரைக்கும் சூடு நின்னு, குளியலறையில மட்டும் ஆறுதுன்னா டேங்க்ல குத்தமில்ல. ஷவர் கைப்பிடிக்கு உள்ள, வெந்நியையும் பச்சத்தண்ணியையும் கலந்து விடுத கார்ட்ரிட்ஜ் தேஞ்சிருக்கும். அது சின்னச் சாமான், மாத்திரலாம்.

கரண்டா கேஸான்னு பாக்கது லேசு. டேங்க் தலையில இருந்து புகைக்குழாய் போனா கேஸ். புகைக்குழாய் இல்லாம, பக்கவாட்டுல மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு தகர மூடி திருகி வச்சிருந்தா கரண்டு. கேஸ்னா அதை ஒட்டி அரிசி மூட்டை, பழைய பேப்பர், பெயின்ட் டப்பா எதுவும் வைக்காதீங்க. நம்ம வீடுகள்ல அந்த மூலைதான் ஸ்டோர் ரூம் ஆகிப்போவுது! எரியதுக்குக் காத்து வேணும். கார்பன் மோனாக்சைடுங்க விஷவாயு வந்தா கத்துத அலாரம் வேலை செய்யுதான்னு இன்னைக்கே அமுக்கிப் பாத்திருங்க. கேஸ் வாடை வந்தா சுவிட்சு எதையும் தொடாம வெளிய போய் நின்னு போன் பண்ணணும்.

ஓனர் சொல்லுததுல ஒரு பங்கு நெசம் இருக்கு. நம்ம ஊர்ல மொட்டமாடித் தொட்டித் தண்ணி மார்கழியிலயும் 25 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும், சித்திரையில அதுவே வெந்நிதான். உங்களுக்கு ஜனவரியில மண்ணுக்கடியில இருந்து வாரது 4, 5 டிகிரி. குளிக்கதுக்கு 40 டிகிரி வேணும்னா ஊர்ல 15 டிகிரி ஏத்தினாப் போதும், அங்க 35. கரண்டு டேங்க்ல தண்ணியைச் சுட வைக்க நாலரை கிலோவாட் காயில் மணிக்குச் சுமார் 3,870 லிட்டரை ஒரு டிகிரி ஏத்தும். அந்தக் கணக்குல 190 லிட்டர் டேங்கை 5-லருந்து 60-க்குக் கொண்டுபோக ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஒருத்தர் குளிச்ச கையோட அடுத்தவர் நுழைஞ்சா ஆறத்தான் செய்யும். ஆனா முதல் ஆளுக்கே, அதுவும் பாதிக் குளியல்லயே ஆறுதுன்னா அது குளிர்காலம் இல்ல, கோளாறு.

190 லிட்டர் டேங்க் நல்லா இருந்தா நல்ல சூட்டுல ஒரு 130 லிட்டர் தரணும். அதாவது ஏழு வாளி. பிடிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க.

முக்கூடல், இப்போ பிராம்ப்டன்

கரண்டுதான் அண்ணாச்சி, ரெண்டு மூடி இருக்கு. முதல் வாளி 58 டிகிரி, ரெண்டு 57, மூணு 43, நாலு 20. அடுப்படியிலயும் அதே கதைதான்.

பாளையங்கோட்டை

அப்ப கீழ்க் காயில் போயிருக்கும், இல்லாட்டி அதோட தெர்மோஸ்டாட், சூட்டைப் பார்த்துக் காயிலைப் போட்டு அமத்துத சாமான். அந்த டேங்க்ல ரெண்டு காயில் உண்டு. முதல்ல மேல உள்ளது ஓடி மேல்பகுதியைச் சூடாக்கும். அது முடிச்ச பொறவு கரண்டு கீழ்க் காயிலுக்கு மாறும். கீழ உள்ளது செத்துப்போனா மேல் மூணுல ஒரு பங்கு மட்டும் எப்பவும் கொதியா நிக்கும், அடியில முச்சூடும் பச்சத்தண்ணி. உங்க மூணு வாளிக் கணக்கு அதுக்குத் தோதா இருக்கு. மேல் காயில் போயிருந்தா முதல் வாளியே சுடாது.

மூடியை நீங்க திறக்காதீங்க, உள்ள 240 வோல்ட். யூடியூப்ல ஒருத்தன் திறக்கதைப் பார்த்துட்டு உங்க வீட்டுக்காரரும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்க வேண்டாம். பிரேக்கர் பெட்டியில அந்த சுவிட்சு விழுந்திருக்கான்னு மட்டும் பாருங்க. விழுந்திருந்தா ஒரு தடவை போடலாம். மறுபடி விழுந்தா விட்ருங்க. ஓனருக்கு அந்த நாலு எண்ணையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். டேங்க்ல வாடகைக் கம்பெனி ஸ்டிக்கர் இருக்கான்னும் பாருங்க. உங்க ஒன்ராறியோ மாகாணத்துல நிறைய வீட்டுல ஹீட்டரே மாச வாடகைக்கு எடுத்ததா இருக்கும், பெரும்பாலும் ரிப்பேர் அந்த வாடகைக்குள்ளயே அடக்கம். கதவைத் தட்டி "ஹீட்டர் பழசாச்சு, கையெழுத்துப் போடுங்க, புதுசு தாரோம்"னு எவனாவது வந்தா கதவைச் சாத்துங்க. நாம கூப்பிடாம வீடு தேடி வந்து அப்படி ஒப்பந்தம் போடுததை 2018 மார்ச்லயே அங்க தடை பண்ணியாச்சு.

இன்னொண்ணு. சூடு பத்தலைன்னு தெர்மோஸ்டாட்டைத் திருகி ஏத்தாதீங்க. அம்மை வாராவன்னு சொல்லுதிய. 49 டிகிரித் தண்ணி தோலைப் பொசுக்க நிமிசக் கணக்காகும், 60 டிகிரித் தண்ணிக்கு ஆறே விநாடி போதும். அதுக்குன்னு டேங்கை 45-ல இறக்கி வைக்கதும் ஆகாது. வெதுவெதுப்புல லெஜியனெல்லாங்க கிருமி வளரும். கனடாவுல டேங்குக்குள்ள 60-ல வச்சு, வெளிய வரும்போது கலவை வால்வு வழியாக் குறைச்சு விடணும். அந்த வால்வு இருக்கான்னு ரிப்பேருக்கு வாரவர்ட்ட கேளுங்க. அம்மைக்கு ஒத்தைக் கைப்பிடிக் குழாயைப் பழக்கிக் குடுங்க. முதல்ல பச்சத்தண்ணிப் பக்கம் திறந்து, பொறவு பைய பைய சூட்டுப் பக்கம் கொண்டுவரணும். நம்ம ஊர்ல தவலை வெந்நியில விளாவிக் குளிச்ச கைக்கு இது சட்டுனு பிடிபடாது.

அம்பாசமுத்திரம், இப்போ நியூ ஜெர்சி

எங்க வீட்டுல கேஸ் டேங்க். வாளி சோதனை பார்த்தேன். முதல் வாளியில இருந்தே எல்லாம் 37, 38-தான் அண்ணாச்சி. எந்தக் குழாய்லயும் சூடு இல்ல. ஆனா டேங்கைத் தொட்டு நிக்க குழாய் கொதிக்கி. போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

பாளையங்கோட்டை

போன மாசம் கக்கூஸ்ல புதுசா எதாவது மாட்டினியளா?

அம்பாசமுத்திரம், இப்போ நியூ ஜெர்சி

ஆமா! கைத்தெளிப்பான் மாட்டினோம். குளிர்ல தாங்க முடியலன்னு வெந்நி, பச்சத்தண்ணி ரெண்டுலயும் இணைப்பு கொடுத்த மாதிரி.

பாளையங்கோட்டை

அதான். அந்தக் கலவைக் குமிழைத் திறந்தபடி விட்டுட்டு, கையில இருக்க விசையை மட்டும் மூடுதிய. உள்ள வெந்நிக் குழாயும் பச்சத்தண்ணிக் குழாயும் சேர்ந்தே கிடக்கும். எங்க குழாயைத் திறந்தாலும் பச்சத்தண்ணி அந்த வழியா வெந்நிக் குழாய்க்குள்ள ஏறி வீடு முச்சூடும் கலந்துரும். நம்ம ஆளுகள் வீட்டுல அடிக்கடி வார வியாதி இது. அமெரிக்க பிளம்பர் டேங்கையே சுத்திச் சுத்தி வருவாரு, கக்கூஸ் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாரு, பில்லு மட்டும் வந்துரும்.

ஒரு சோதனை சொல்லுதேன். டேங்குக்குள்ள பச்சத்தண்ணி போற வால்வை மூடுங்க. ஒரு வெந்நிக் குழாயைத் திறந்து விடுங்க. குழாய்ல கிடக்கது வடிஞ்ச பொறவு தண்ணி நிக்கணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா எங்கயோ கலக்குது. தெளிப்பானுக்குப் போற அடி வால்வு ரெண்டையும் மூடிட்டு மறுபடி பாருங்க. அப்பவும் ஓடினா ஏதோ ஒரு ஒத்தைக் கைப்பிடிக் குழாய்ல கார்ட்ரிட்ஜ் போயிருக்கும். தண்ணி நின்னுபோய், அப்படியும் சூடு வரலைன்னா டேங்குக்குள்ள இருக்க இறங்குகுழாய் ஒடிஞ்சிருக்கலாம். பச்சத்தண்ணியை அடிக்குக் கொண்டுபோய் விடுற பிளாஸ்டிக் குழாய் அது. ஒடிஞ்சா பச்சத்தண்ணி மேலேயே விழுந்து, வெளிய போற வெந்நியோட கலக்கும். அது பிளம்பர் சோலி.

கேஸ் டேங்க்ல குமுறுத சத்தம் வருதான்னும் கேட்டுக்கோங்க. அடியில உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சா, அடிப்பிடிச்ச பானை கணக்கா, தீ எரியும், சூடு தண்ணிக்கு ஏறாது. சொந்த வீடுன்னா வருசம் ஒரு தடவை அடிக் குழாய்ல ஹோஸ் மாட்டி வடிக்கணும்.

அம்பாசமுத்திரம், இப்போ நியூ ஜெர்சி

அடி வால்வை மூடினதும் முதல் வாளி 51! அவர்ட்ட இப்பதான் சொன்னேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

ராதாபுரம், இப்போ ரெடிங்

அண்ணாச்சி, இங்கிலாந்துல எங்க வீட்டுல டேங்கே இல்ல. அடுப்படிச் சுவத்துல ஒரு பெட்டி. சுடும், ஆறும், மறுபடி சுடும். பைத்தியம் பிடிக்கி.

பாளையங்கோட்டை

அது காம்பி பாய்லர் தம்பி. தண்ணி ஓடுத வேகத்தைப் பார்த்துத்தான் பத்த வைக்கும். நிமிசத்துக்கு ரெண்டு லிட்டருக்குக் கீழ ஓடினா பெரும்பாலும் தீ அணைஞ்சிரும். ராதாபுரத்துக்காரர் குழாயை நூலாத்தான் திறப்பீரு, தண்ணிக்கு அங்க பட்ட பாடு அப்படி. சிக்கனமாத் திறந்து, சூடு கூடுதல்னு பச்சத்தண்ணியையும் கலந்தா, வெந்நிப் பக்கம் ஓட்டம் குறைஞ்சு பாய்லர் நின்னுபோவும். பொறவு ஆறினதும் நீரு திறப்பீரு, அது பத்தும். குளிக்க தண்ணிச் சூட்டை பாய்லர்லயே 42, 43-க்குக் குறைச்சு வச்சு, பச்சத்தண்ணி கலக்காம வெந்நிப் பக்கத்தையே முழுசாத் திறந்து குளிச்சுப் பாரும்.

ரொம்பத் திறந்தாலும் சிக்கல்தான். 24 கிலோவாட் பெட்டி, 35 டிகிரி ஏத்தணும்னா நிமிசத்துக்கு 10 லிட்டருக்கு மேல தராது. ரெண்டு குழாய் ஒரே நேரத்துல திறந்தா ரெண்டுலயும் வெதுவெதுப்பு. பெட்டியில இருக்க அழுத்த முள்ளு ஆறின நிலையில 1-லருந்து 1.5 பாருக்குள்ள நிக்கணும். ரேடியேட்டர் ஓடும்போது மட்டும் வெந்நி சுடுதுன்னா சூட்டை ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் மாத்தி விடுத டைவர்ட்டர் வால்வைச் சந்தேகப்படலாம். லண்டன், ரெடிங் பக்கமெல்லாம் வள்ளியூர் போர்த்தண்ணி மாதிரி உப்புத்தண்ணிதான், கெட்டில் அடியைப் பார்த்தாலே தெரியும். உள்ள இருக்க தகட்டுல சுண்ணாம்பு அடைச்சாலும் சூடு ஏறி இறங்கும். கிளாஸ்கோவுல இருக்கவனுக்கு அந்தக் கவலை இல்ல, அவனுக்குத் தாமிரபரணி மாதிரி நல்ல தண்ணி. பெட்டியைத் திறக்க வாரவர்ட்ட கேஸ் சேஃப் பதிவு அட்டையை, அதாவது கேஸ் வேலை பாக்க அங்க உள்ள பதிவை, கேட்டு வாங்கிப் பாரும், அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

மேலப்பாளையம், இப்போ ஷார்ஜா

எங்க பாடு தலைகீழ் அண்ணாச்சி. ஆகஸ்ட்ல பச்சத்தண்ணிக் குழாய்லதான் வெந்நி வருது.

பாளையங்கோட்டை

வெயில் காலம் முழுக்க ஹீட்டர் சுவிட்சை அமத்திப் போடுங்க தம்பி. மொட்டமாடித் தொட்டி வெயில்ல காயுது. ஆனா ஹீட்டர் டேங்க் பாத்ரூம் பொய்க்கூரைக்கு மேல ஏசிக் குளிர்ச்சியில கிடக்கும். வெந்நிக் குழாயைத் திறந்தா ஒரு 50 லிட்டர் ஆறின தண்ணி கிடைக்கும். அங்க பழைய ஆளுக எல்லாரும் இப்படித்தான் குளிக்காவ. சுவிட்சு மேல டேப் ஒட்டி வைங்க, ரூம்ல ஒருத்தன் தெரியாமப் போட்டுவிட்டா காலி.

கார்த்திகை பிறந்து மறுபடி போடும்போது, 60 டிகிரிக்கு முழுசாக் காயவிட்டு, அந்த முதல் டேங்க் தண்ணியைத் திறந்து ஓடவிட்டுட்டுப் பொறவு குளிங்க. மாசக்கணக்குல தேங்கின தண்ணி அது. ஒன்றரை கிலோவாட் காயில்னா காய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கூரையில இருந்து சொட்டுச்சுன்னா டேங்கோட பாதுகாப்பு வால்வைப் பாக்கச் சொல்லுங்க. சொட்டுதேன்னு அதை அடைச்சு வைக்க விடாதீங்க, அழுத்தம் வெளிய போக வேற வழி கிடையாது.