வானத்தில் விழுந்த கோடுகள்: துல்லியத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடித்த அனுபவங்கள்

பினாங்குத் தம்பி:

பேட்டரியில் ஓடும் சின்னக் கேமராவுக்கு, படத்தில் இரைச்சலைக் குறைக்கும் சுற்று ஒன்றை வடிவமைப்பதுதான் என் முதுகலை வேலை. படத்தை மிருதுவாக்கும் வேலை பெரும்பாலும் கூட்டல்தான், அதனால் மின்சாரம் மிச்சம் பிடிக்க, எண்களைக் கூட்டும் சுற்றான கூட்டியிலேயே கை வைத்தேன். ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்தை, சரியாகக் கூட்டும் வழக்கமான முழுக்கூட்டிக்கு 28 டிரான்சிஸ்டர் வேண்டும். இரண்டு பிட்டில் ஒன்றாவது 1 என்றால் 1 தரும் ஆர் கேட்டுக்கு 6 போதும். அதோடு, கூட்டும்போது மிஞ்சி அடுத்த இடத்துக்குப் போகும் கேரி கீழ் பிட்டிலிருந்து மேல் பிட்டுக்கு ஒவ்வொன்றாக ஏற வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் நிற்கிற மாதிரி, பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தால்தான் நமக்கு வழி. எட்டு பிட்டில் கீழ் நான்கை வெறும் ஆர் கேட்டால் 'கூட்டி' விட்டால் அந்த வரிசையே பாதியாகிவிடும். 2010-இல் வெளியான கீழ்ப்பகுதி ஆர் கூட்டி இந்த யோசனையில் பிறந்ததுதான்.

ஆர் கேட்டுக்கு 1-ம் 1-ம் சேர்ந்தால் 1தான். எனவே விடை தப்பும்போதெல்லாம் குறைவாகவே வரும். நான்கு பிட்டுக்குக் கணக்குப் போட்டால் சராசரிப் பிழை −3.75. ஆனால் நான்காவது பிட்டில் ஒரே ஒரு ஆண்ட் கேட்டை (இரண்டும் 1 என்றால் மட்டும் 1 தரும்) வைத்து, அதன் விடையை மேல்பகுதிக்குக் கேரியாகக் கொடுத்தால் சராசரி +0.25 ஆகிவிடுகிறது. ஒரு கேட்டுக்கு இவ்வளவு பலன்! அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. சோதனைப் படங்களிலும், படம் மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் பிஎஸ்என்ஆர் அளவு 30 டெசிபெல்லைத் தாண்டியது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

குவீன்ஸ்பே கடற்கரையில் சாயங்காலம் பினாங்குப் பாலத்தைப் படம் எடுத்து, அதையும் சுற்றில் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் தேநீரோடு வந்து நின்ற அம்மா, "ஏன் தம்பி, வானத்துல கோடு கோடா இருக்கு?" என்று கேட்டார். அதுவரை என் கண் பாலத்தின் கம்பிகள் மீதுதான் இருந்தது. அம்மா சொன்ன பிறகு கோடுகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. −3.75, +0.25 எல்லாம் எண்கள் தாறுமாறாக வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு. வானத்தில் அப்படி வருவதில்லை, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பில் இருக்கும். 7-ஐயும் 7-ஐயும் என் கூட்டியில் போடுங்கள்: 14-க்குப் பதில் 7 வரும். 8-ஐயும் 8-ஐயும் போடுங்கள்: 16-க்குப் பதில் 24. சராசரி எடுத்தால் 3.5-இலிருந்து நேரே 12. வெளிச்சம் ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் எட்டரைப் படி தாவுகிறது. நான் கொண்டாடிய அதே ஆண்ட் கேட் விழித்துக்கொள்ளும் இடம் அது. இலை, மணல், கூட்டம் நிறைந்த படங்களில் இந்தத் தாவல் மறைந்துவிடும், வெறும் வானத்தில் ஒளிய இடமில்லை.

கடைசியில் நான்கு பிட்டை இரண்டாகக் குறைத்தேன். தாவல் இரண்டரைப் படியாகச் சுருங்கி, கோடு கண்ணுக்கு மறைந்தது. மிச்சமான மின்சாரமும் குறைந்துதான் போனது, அதை ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். இப்போது எந்தச் சுற்றையும் முதலில் வானத்தில்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

பட்டர்வொர்த் அண்ணன்:

தம்பி, நான் இதே கூட்டியை எஃப்பிஜிஏ பலகையில், அதாவது நாமே சுற்றை மாற்றி அமைத்துக்கொள்ளும் சில்லு உள்ள பலகையில், போட்டுப் பார்த்தேன். மின்சாரம் குறையவே இல்லை. அந்தச் சில்லுகளில் கேரிக்கென்றே வேகமான தனிப் பாதையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு நாம் ஆர் கேட்டால் சுற்றிப் போவதில் லாபமில்லை. டிரான்சிஸ்டர் எண்ணிக்கையை வைத்துப் போடும் கணக்கு தனிச் சிப் செய்பவர்களுக்குத்தான் பொருந்தும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுன் அக்கா:

எனக்கு நடந்தது எண்களைப் பெருக்கும் சுற்றான பெருக்கியில். இரண்டு பிட் பெருக்கியில் 3×3-க்கு 9 என்பதற்குப் பதில் 7 என்று வைத்துவிட்டால், விடைக்கு நான்கு பிட் வேண்டாம், மூன்று போதும். 16 சேர்க்கைகளில் ஒன்றுதான் தப்பு. அதை அடுக்கி எட்டு பிட் பெருக்கி செய்தேன். கல்யாணப் படத்தில் பின்னணியை மட்டும் மங்கலாக்க, எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று பிக்சலுக்குப் பிக்சல் சொல்லும் மாஸ்க்கை, ஆட்கள் இருக்கும் இடத்தில் 255 என்று வைத்துப் பெருக்கினேன். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சாம்பலாகிவிட்டது!

255-ஐ நான்கடிமானத்தில், அதாவது இரண்டு பிட்டுக்கு ஓர் இலக்கமாக 0 முதல் 3 வரை மட்டும் வைத்து, எழுதினால் 3333. அந்த ஒரே ஒரு தப்பு ஒவ்வொரு இலக்கத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 255×255 என்பது 65025. என் பெருக்கி கொடுத்தது 50575. பெருக்கியை மாற்றவில்லை, மாஸ்க்கின் உச்சத்தை 128 ஆக்கினேன். 128 என்றால் அதே முறையில் 2000, அதில் 3 என்ற இலக்கமே இல்லை. வேட்டி பழைய வெள்ளைக்கு வந்தது.

பினாங்குத் தம்பி:

அக்கா, மாஸ்க்கின் ஓரத்தில் வரும் இடைப்பட்ட மதிப்புகளில் 3 வருமே, அங்கே என்ன செய்தீர்கள்?

ஜார்ஜ்டவுன் அக்கா:

ஓரத்துக்கு 0, 32, 64, 128 மட்டும்தான் வைத்தேன், தம்பி. நான்கிலும் 3 கிடையாது.