இரவு ஓட்டத்தில் கூடவே வந்தவர்

நெடுந்தொலைவு ஓடுபவர்கள் சிலர் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். எனக்கும் நடந்தது. விடிவதற்கு முந்தைய நேரம், மரங்கள் அடர்ந்த பாதை. முந்தைய இரவும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். கண்ணால் பார்க்கவில்லை, காலடி ஓசையும் இல்லை. ஆனாலும் அவர் இருந்தார். பயம் துளியும் எழவில்லை. பாதை குறுகிய ஓரிடத்தில் ஒதுங்கி நின்று அவருக்கு வழிகூட விட்டேன்!

இதைக் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது ஆவி. இன்னொரு கட்சிக்கு வெறும் பிரமை, பேச்சு முடிந்தது. எனக்கு இரண்டாம் கட்சியின் மேல்தான் எரிச்சல் அதிகம். பிரமையாகவே இருக்கட்டும், அது ஏன் ஓர் ஆளாக, முதுகுப்புறத்தில், என் வேகத்திலேயே வர வேண்டும்?

ஓலாஃப் பிளாங்க் என்ற நரம்பியலாளரின் ஆய்வுகளில்தான் எனக்கு விடை கிடைத்தது. வலிப்பு நோய்க்கான பரிசோதனையில் இருந்த ஒரு பெண்ணின் மூளையில், நம் உடல் எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்திகள் கூடும் பகுதியை அவர் குழுவினர் மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். உடனே தன் பின்னால் யாரோ இருப்பதாக அந்தப் பெண் சொன்னார். அவர் படுத்திருந்தால் அந்த ஆளும் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்தார். இது 2006இல் வெளியானது. 2014இல் இன்னும் துணிந்தார்கள். கண்கள் கட்டப்பட்ட, நோய் எதுவும் இல்லாதவர்கள் முன்னால் இருந்த கருவியை விரலால் அசைக்க, ஓர் இயந்திரக் கை அதே அசைவை அவர்கள் முதுகில் செய்தது. அந்தத் தொடுதல் அரை நொடி தாமதமானபோது தங்கள் பின்னால் ஓர் ஆள் வந்துவிட்டதாகச் சிலருக்குத் தோன்றியது. போதும், நிறுத்துங்கள் என்றவர்களும் உண்டு.

ஆக, கூட வந்தவர் நானேதான். உடல் நெருக்கடிக்கு ஆளானால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். கார்டிசால் என்ற இன்னொன்று உச்சத்தை எட்ட ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். இயல்பாக நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்ந்து, விழிக்கும் வேளையில் உயரும் ஹார்மோன் அது. இரவெல்லாம் ஓடுகிறவன் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறான். தூக்கமும் இல்லை, இரத்தச் சர்க்கரையும் இறங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் மூளை உடலின் கணக்கைத் தவறவிட்டு, மிச்சத்தை இன்னொரு ஆளின் பெயரில் எழுதுகிறது என்பது என் கணிப்பு. உட்கார்ந்து இனிப்பு நீர் குடித்த சிறிது நேரத்தில் அவர் இல்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மலையேறும் நண்பர் எழுதியது:

எங்கள் வட்டத்தில் இது பழைய கதை. 1916இல் அண்டார்டிகப் பயணி ஷாக்கிள்டனும் இரு தோழர்களும் தெற்கு ஜார்ஜியா தீவின் மலைகளை 36 மணி நேரத்தில் கடந்தபோது, தாங்கள் நால்வராக நடப்பதாக அவருக்குத் தோன்றியது. அப்போது அவர் வாய் திறக்கவில்லை. 1933இல் எவரெஸ்டில் தனியாக ஏறிய ஃபிராங்க் ஸ்மைத், கையிலிருந்த இனிப்பை இரண்டாகப் பிட்டுப் பாதியைக் கொடுக்கத் திரும்பினார். கொடுக்க ஆள் இல்லை. எனக்கு யாரும் வந்ததில்லை. உயரத்தில் தலைவலி மட்டும் தவறாமல் வருகிறது.

இரவுப் பணிச் செவிலியர் எழுதியது:

உங்களுக்கு வந்தவர் நல்லவர். எனக்கு வருபவர் மார்பின்மேல் உட்காருகிறார். பணி முடிந்து பகலில் மல்லாந்து படுத்தால், விழிப்பு வந்த பிறகும் கை கால் அசையாது. அறை மூலையில் யாரோ நிற்பது உறுதியாகத் தெரியும். கனவுத் தூக்கத்தில் தசைகள் முடங்குவது எல்லோருக்கும் உண்டு. அந்த முடக்கம் விலகுமுன் விழித்துக்கொள்வதுதான் இது என்று எனக்குப் பாடமாகவே தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் குறைகிறது. பகல் பணிக்கு மாறினால் வாரக்கணக்கில் ஆளைக் காணோம். இரவுப் பணி தொடங்கினால் அவரும் பணிக்கு வந்துவிடுகிறார்.