சனிக்கிழமை சாயங்காலம் என்ன பார்ப்பது? ஒரு வழி சொல்லுங்கள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இதே கதைதான். ஏழரைக்கு டிவி முன்னால் உட்காருகிறோம்; எட்டேகால் வரை ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறோம். கடைசியில் ஏற்கெனவே பார்த்த காமெடிக் காட்சிகளில் போய் விழுகிறோம்.

பார்ப்பது நான்கு பேர்: நான், மனைவி, எட்டு வயது மகள், எழுபதைத் தாண்டிய அப்பா. அப்பாவுக்கு சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைக்காது, அதனால் தமிழ் ஒலி கட்டாயம். மகள் ஒன்பதரைக்குத் தூங்க வேண்டும். ஆக, கையில் இருப்பது இரண்டே மணி நேரம். நம் படங்களோ பல இரண்டரை மணி நேரம் ஓடுகின்றன!

வாரம் ஒருவர் தேர்வு என்று முறை வைத்துப் பார்த்தோம். என் முறை வந்தபோது மட்டும் எல்லோரும் போனைக் கையில் எடுத்தார்கள், அது போகட்டும். சீட்டுக் குலுக்கினோம், வந்த சீட்டை யாரும் ஏற்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், நால்வரும் ஒரே புரொஃபைலில் பார்ப்பதால் பரிந்துரையில் கார்ட்டூனும் கொலை வழக்கும் கலந்து வருகின்றன. தனித்தனி புரொஃபைல் போட்டேன். பரிந்துரை சரியானது, சண்டை தீரவில்லை. வாட்ச்லிஸ்டில் இப்போது 64 தலைப்புகள்; அதிலிருந்து ஒன்றை எடுப்பதற்கே தனிப் பஞ்சாயத்து.

இப்படி வயது வித்தியாசமுள்ள வீட்டில், பத்து நிமிஷத்துக்குள் முடிவெடுக்க உங்களுக்கு நிஜமாகவே பலித்த வழி எது?