பக்கற் அதே பக்கற், விலையும் அதே விலை, உள்ளுக்க சாமான் மட்டும் குறைஞ்சிட்டு. இதை ஏன் ஒருதரும் கதைக்கிறியள் இல்லை?

ரீச்சர் (கிளிநொச்சி):
ஞாயிற்றுக்கிழமை அலுமாரிக்குக் கீழ கூட்டேக்க ஒரு பழைய சவுக்கார உறை ஆப்பிட்டுது, அதில நிறை 100 கிராம் எண்டு கிடக்கு. கிணத்தடியில இப்ப பாவிக்கிற அதே சவுக்காரத்தின்ர உறையை எடுத்துப் பாத்தன், 85 கிராம். பேர் அது, நிறம் அது, படமும் அது, விலை ஒரு சதம் குறையேல்லை. பிறகு மனம் கேக்காம குசினிக்க கிடந்த எல்லாத்தையும் தூக்கித் தூக்கிப் பாத்தன், பிஸ்கற் பக்கற்றில ரெண்டு குறைவு, சோயாமீற் பக்கற் வீங்கிப்போய்க் கிடக்கு, அமத்திப் பாத்தா அரைவாசி காத்து.

திங்கக்கிழமை இதை ஆண்டு 8 பிள்ளையளுக்கு சதவீதக் கணக்கா குடுத்தன். முந்தி 100 கிராம் 150 ரூபா, இப்ப 85 கிராம் 150 ரூபா, அப்ப விலை எத்தினை வீதம் ஏறியிருக்கு? கனபேர் 15 எண்டு எழுதினம். 15 வீதம் குறைஞ்சது நிறைதான். விலையைப் பாத்தா 100 கிராமுக்கு 176 ரூபா 47 சதம் வரும், ஏத்தம் பதினேழரை வீதத்துக்குக் கொஞ்சம் மேல. கணக்குச் சரிபாத்து முடியேக்க பின்வாங்கில இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், நான் சவுக்காரத்தைத் தண்ணிக்க விட்டுக் கரைக்கிறன் எண்டு அம்மா போன கிழமை ஏசினவ" எண்டுது. எனக்கு அதுக்குப் பிறகு அண்டைக்குப் படிப்பிக்க மனமே வரேல்லை.

விலையைக் கூட்டினா கோவம் வரும், ஆனா ஆரில கோவப்படுறது எண்டு தெரியும். இப்பிடி ஒளிச்சு வைச்சுக் குறைச்சா வீட்டுக்க தாயும் பிள்ளையும் ஆளையாள் சந்தேகப்படுகினம். இதை நான் களவு எண்டுதான் சொல்லுவன்.

முள்ளியவளைக் கடை:
ரீச்சர், உங்கட கவலை எனக்கு விளங்குது, ஆனா களவு எண்ட சொல்லைக் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோ, ஏனெண்டா சனம் கொம்பனியை நேர காணுறேல்லை, காணுறது என்னைத்தான், அந்த ஏச்சும் எனக்குத்தான். உறையில நிறை அடிச்சிருக்கு, விலை அடிச்சிருக்கு, திகதி அடிச்சிருக்கு. அடிச்ச நிறையை விடக் குறைவா இருந்தாத்தான் சட்டப்படி பிழை, நிறையைக் குறைச்சு அதைச் சரியா அடிச்சு வித்தா பிழை இல்லை.

இன்னொண்டு. 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள 360 க்குப் போனது ஞாபகம் இருக்குத்தானே, பிறகு வற் வரி 15 வீதம் ஆச்சு, 2024 தை முதலாம் திகதியில இருந்து 18 வீதம், அதோட கன சாமானுக்கு இருந்த விலக்கையும் எடுத்துப்போட்டினம். உதெல்லாம் எங்கயோ ஒரு இடத்தில வந்து இறங்கத்தானே வேணும். என்ர கடைக்கு வாற ஆள் கையில நூறு ரூபாயோட வருது. நூறு ரூபா பக்கற் 120 ஆனா அது திருப்பி ராக்கையில வைச்சிட்டுப் போகுது, நான் கண்ணால காணுறன். நூறு ரூபாயிலயே கொஞ்சம் குறைச்சு வந்தா அண்டைக்கு அந்த வீட்டில தேத்தண்ணி இருக்கும். உங்களுக்கு மாசச் சம்பளம், நீங்கள் கிராமைப் பாக்கலாம், இவை காசைத்தான் பாக்கினம்.

விசுவமடுப் பிள்ளை:
அண்ணை குறை நினைக்காதேங்கோ, நீங்கள் சொல்லுற அந்த நூறு ரூபா ஆள் நான்தான், அதால நானே சொல்லுறன். நான் காமன்ற்ஸில வேலை, விடிய அஞ்சு மணிக்கு பஸ். சின்னப் பக்கற் எங்களுக்கு உதவி எண்டு எல்லாரும் சொல்லுறியள், ஆனா கணக்குப் பாத்தா சம்பூ, தேத்தூள், சலவைத்தூள் எல்லாத்திலயும் சின்னப் பக்கற்றில கிராமுக்கு நாங்கள் குடுக்கிறது பெரிய பக்கற் வாங்கிற ஆக்களை விடக் கூட. அதாவது காசு இல்லாதவளுக்குத்தான் விலை கூட. மாசக் கடைசியில பெரிசா வாங்கக் கையில காசு இல்லை, சம்பள நாளில பழைய கடனைக் கட்டினா திரும்பவும் சின்னப் பக்கற். இதுக்க இன்னும் 10 கிராம் குறைச்சா அது எங்களுக்குச் செய்யிற உதவி இல்லை அண்ணை.

இரணைமடுக் கமக்காரன்:
பிள்ளையள், நான் கொஞ்சம் கடுமையாச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. பக்கற்றுக்க வாறதைத் தேடிப் போனதுதான் பிழை. 90 களில பொருளாதாரத் தடை எண்டு சவுக்காரத்தையும் மண்ணெண்ணெயையும் பற்றறியையும் வன்னிக்குள்ள விடாமல் வைச்சிருந்தவங்கள், அப்ப நாங்கள் பனங்காயைப் பிழிஞ்சு உடுப்புத் தோய்ச்சனாங்கள், ஜாம் போத்தலுக்க கொஞ்சம் எண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்தினனாங்கள், அந்த வெளிச்சத்தில படிச்சுத்தான் பிள்ளையள் கம்பசுக்குப் போனதுகள். இப்ப வீட்டு வளவுக்க ஒரு கத்தரிக் கண்டு இல்லை, ரெண்டு பயத்தங்கொடி இல்லை, பச்சை மிளகாயையும் கடையில வாங்கீனம்.

அரிசியை எடுங்கோ. நாட்டு நெல்லுக்கு 2025 மாசியில அரசாங்கம் அறிவிச்ச உத்தரவாத விலை கிலோ 120 ரூபா, அதுவும் நல்லாக் காயப்போட்ட நெல்லுக்கு. வெட்டின கையோட ஈர நெல்லுக்கு யாவாரி தாறது வேற விலை. 100 கிலோ நெல்லுக் குத்தினா ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும், அப்ப ஒரு கிலோ அரிசிக்குள்ள கிட்டத்தட்ட 185 ரூபா நெல்லு இருக்கு. கடையில நாட்டரிசிக்கு 2024 மார்கழியில போட்ட கட்டுப்பாட்டு விலை 230. நீங்கள் என்னட்டையோ பக்கத்துக் கமக்காரனிட்டையோ ஒரு மூடை நெல்லு வாங்கி மில்லில குத்தினா உங்களுக்கும் லாபம், எனக்கும் நாலு காசு கூட வரும், தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் வைக்கலாம். பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல்லுக் கிடைச்சா இன்னும் நல்லம், ஒரு பிடி சோறே வயித்தில நிக்கும்.

விசுவமடுப் பிள்ளை:
ஐயா, மூடை நெல்லு வாங்க ஒரேயடியாக் கையில காசு வேணும், அதைத்தானே நான் மேல சொன்னனான். தோட்டம் எண்டியள், எங்கட வளவில கிணறு கோடையில வத்தும், பக்கத்து வீட்டில தண்ணி அள்ளிக் குளிக்கிறம், நான் வேலையால வந்து இறங்கேக்க ஏழு மணி. போன வருசம் அம்மா வைச்ச கத்தரியைக் குரங்கு முடிச்சுது, தென்னையில ஒரு குரும்பட்டி நிக்கவிடுகுதில்லை.

தடைக் காலத்தைப் பற்றி நீங்கள் சொல்லுறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு. என்ர அம்மாவும் அந்த விளக்கில படிச்சவதான். ஆனா அவ அதைப் பெருமையாச் சொல்லுறேல்லை. பனங்காய் போட்டுத் தோய்ச்ச சட்டையோட பள்ளிக்கூடம் போனதையும் மாடு மணந்து வந்து உடுப்பைச் சப்பினதையும் சொல்லேக்க அவவுக்குக் கண் கலங்கும். அண்டைக்கு வழியில்லாமச் சமாளிச்சதை இண்டைக்கும் சமாளியுங்கோ எண்டு எங்களுக்குச் சொல்லாதேங்கோ ஐயா. அண்டைக்குத் தடுத்தவன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். இண்டைக்கு ராக்கை முட்ட சாமான் கிடக்கு, நான் அதுக்கு முன்னால நிண்டு ரெண்டு தரம் கணக்குப் பாத்திட்டு ஒண்டை வைச்சிட்டு வாறன்.

இரணைமடுக் கமக்காரன்:
பிள்ளை, உன்ர கொம்மாவை நோகடிக்க நான் எழுதேல்லை. தண்ணிப் பிரச்சினை எனக்கு விளங்குது. ஆனா ரெண்டு மூண்டு வீடு சேந்து ஒரு மூடை வாங்கலாம் எண்டது இப்பவும் என்ர எண்ணம். அதில நான் மாற மாட்டன்.

பரிசில இருந்து மாங்குளத்தான்:
வணக்கம், நான் இஞ்ச பிரான்சில இருக்கிறன், எழுதலாமோ எண்டு யோசிச்சு யோசிச்சு எழுதுறன். இஞ்சயும் உதே கதைதான், சொக்லேற், சிப்ஸ், சலவைத்தூள் எல்லாம் சின்னனாகுது. ஆனா ஒரு சட்டம் வந்திருக்கு. 2024 யூலை முதலாம் திகதியில இருந்து 400 சதுர மீற்றருக்குக் கூடின கடையள், அளவு குறைஞ்சு கிலோ விலை ஏறின சாமானுக்குப் பக்கத்தில "இதின்ர அளவு இவ்வளவில இருந்து இவ்வளவாக் குறைஞ்சிட்டு, விலை இவ்வளவு வீதம் ஏறியிருக்கு" எண்டு ரெண்டு மாசத்துக்கு அறிவிப்பு ஒட்ட வேணும். தென்கொரியாவிலயும் அதே வருசம் இப்பிடி ஒண்டு கொண்டு வந்தவை. அதைவிட முக்கியம், ஐரோப்பாவில ராக்கையில விலைச்சீட்டுக்குக் கீழ சின்ன எழுத்தில கிலோவுக்கு எவ்வளவு எண்டும் போட்டிருக்கும். நான் இப்ப அந்தச் சின்ன எழுத்தை மட்டும்தான் பாத்து வாங்கிறன். உது எங்கட நாட்டில வந்தா ரீச்சர் சொல்லுற களவு அரைவாசி குறையும்.

முள்ளியவளைக் கடை:
தம்பி, 400 சதுர மீற்றர் எண்டு சொல்லிப்போட்டியள், என்ர கடை முழுக்க உங்கட வீட்டு ஹோல் அளவு வராது. கொம்பனி குறைக்க நான் ஏன் மட்டை எழுதி ஒட்ட வேணும்? கொம்பனிக்காரனே உறையில முன்பக்கமாப் பெரிசா "நிறை குறைக்கப்பட்டுள்ளது" எண்டு அடிக்கட்டும், "புதிய பொலிவுடன்" எண்டு அடிக்கத் தெரியுதுதானே. நான் வருசாவருசம் தராசைக் கொண்டுபோய் முத்திரை குத்திக்கொண்டு வாறன், 10 கிராம் பிசகினாலும் எனக்குத் தண்டம். அவைக்கு ஒரு கணக்கும் இல்லை.

ரீச்சர் (கிளிநொச்சி):
இதில நான் உங்களோட முழுக்க நிக்கிறன் அண்ணை. களவு எண்டு நான் சொன்னது உங்களை இல்லை, அப்பிடி விளங்கியிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஆனா கடையளுக்கும் ஒரு பங்கு இருக்கு. பாணை எடுங்கோ. நாங்கள் பாணை றாத்தல் எண்டுதானே கேக்கிறம், ஒரு றாத்தல் பாண், அரை றாத்தல் பாண். றாத்தல் எண்டா 450 கிராம் சொச்சம், அந்தப் பேரே நிறைதான். 2024 இல அரசாங்கம் திரும்பவும் வர்த்தமானி போட்டு முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 எண்டு சொன்னது, ஏன் சொல்ல வேண்டி வந்தது? நான் போன மாசம் மூண்டு நாள் வீட்டில பாணை நிறுத்தன். ஒருநாளும் 400 ஐத் தாண்டேல்லை. பேக்கரியில கேட்டா "மா விலை தெரியுமோ" எண்டு திருப்பிக் கேக்கினம். இதுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர 1977 எண்ட நம்பருக்கு போன் அடிச்சு முறையிடலாம். பக்கற் சாமான் போல இல்லை, இது நேரடியாச் சட்டத்தை மீறுறது.

முள்ளியவளைக் கடை:
பாண் விசயம் சரி, நான் வாய் துறக்கேல்லை.

வவுனியா நிமல்:
எல்லாரும் கூடிப் புலம்புறியள். பணவீக்கம் 2022 செப்ரெம்பரில 70 வீதத்துக்குக் கிட்ட இருந்தது, 2024 செப்ரெம்பரில பூச்சியத்துக்குக் கீழயே போட்டுது. அப்ப விலை குறைஞ்சிட்டுத்தானே? வீட்டுச் செலவைத் திட்டமிட்டுச் செய்யத் தெரியாட்டி ஆரையும் குறை சொல்ல ஏலாது.

ரீச்சர் (கிளிநொச்சி):
தம்பி, அந்த எண்ணை வடிவாப் பாருங்கோ. பணவீக்கம் 70 இல இருந்து 6 க்கு இறங்கினது எண்டா விலை இறங்கினது எண்டு அர்த்தம் இல்லை, ஏறின விலைக்கு மேல இன்னும் 6 வீதம் ஏறினது எண்டு அர்த்தம். 100 ரூபாச் சாமான் 170 ஆகி, பிறகு 180 ஆகும். 2024 கடைசியில பூச்சியத்துக்குக் கீழ போனதுக்கு பெரிய காரணம் கரண்டும் எரிபொருளும் குறைஞ்சது. அந்த நேரம்தான் தேங்காய் ஏறிக்கொண்டு போனது, 200 ரூபா குடுத்துத் தேங்காய் வாங்கின வீட்டுக்குப் போய் விலை குறைஞ்சிட்டு எண்டு சொல்லிப் பாருங்கோ. சம்பலுக்கு அரைப் பாதித் தேங்காய் எண்டு எங்கட வீட்டில பழகினது அப்பதான், இன்னும் அப்பிடித்தான்.

விசுவமடுப் பிள்ளை:
நிமல் அண்ணாவுக்கு: நான் கொப்பி வைச்சு எழுதுறன், மூண்டு வருசக் கொப்பி கிடக்கு. திட்டம் இருக்கு, காசுதான் காணாது.

இரணைமடுக் கமக்காரன்:
உப்பையும் ஒருக்கா சொல்லவேணும். ஆனையிறவு எங்கட வாசலில கிடக்கு, 2025 பங்குனியில அங்க உப்புத் தொழிற்சாலையும் திறந்தவை. அதே வருசம் நாங்கள் கடையில உப்புத் தேடி அலைஞ்சம், கிடைச்ச பக்கற்றும் விலை ஏறிப்போய்க் கிடந்தது. வயலுக்க நிக்கிறவனுக்கு அரிசி விலை பிடிபடாது, உப்பளத்துக்குப் பக்கத்தில இருக்கிறவனுக்கு உப்பு விலை பிடிபடாது. இது எனக்குப் பெரிய வயித்தெரிவு.

மாங்குளத்தான்:
ஐயா முந்திச் சங்கக்கடையில சீனி, பருப்பு, மா எல்லாம் கடதாசிப் பையில நிறுத்துத்தானே தந்தவை. உறையும் இல்லை, படமும் இல்லை, தராசு முள்ளு எங்க நிக்குது எண்டு நாங்கள் பாத்துக்கொண்டு நிப்பம். உது திரும்ப வராதோ?

முள்ளியவளைக் கடை:
என்ர கடையில இப்பவும் சீனி, பருப்பு, கடலை, செத்தல் மிளகாய் நிறுத்துத்தான் குடுக்கிறன். சனம்தான் பக்கற்றைக் கேக்குது, வடிவா இருக்காம்.

விசுவமடுப் பிள்ளை:
அண்ணை ஒண்டு கேக்கட்டோ, நிறுத்துக் குடுக்கேக்க 100 கிராம் பருப்பு வாங்கிற ஆளுக்கும் கிலோ விலைக் கணக்கில குடுப்பியளோ? இஞ்ச எங்கட பக்கம் ஒரு கடையில 100 கிராம் எண்டா தனி விலை, பத்துத் தரம் வாங்கினா கிலோவுக்கு 40 ரூபா கூட வருது.

முள்ளியவளைக் கடை:
உண்மையைச் சொல்லுறன், நானும் கொஞ்சம் கூடத்தான் எடுக்கிறன். பைக்காசு, நிறுக்கிற நேரம், சிந்துறது எண்டு சொல்லலாம், ஆனா 40 ரூபா வராது. பருப்புக்கும் சீனிக்கும் கிலோ விலையிலயே தரலாம், பையை நீங்கள் கொண்டு வந்தா. பால்மா கேளாதேங்கோ, பக்கற்றை உடைச்சா காத்துப் பிடிச்சுக் கட்டியாப் போடும், அது என்னால ஏலாது.

ரீச்சர் (கிளிநொச்சி):
அப்ப கடை வாசலில ஒரு பலகையில பத்துச் சாமானுக்கு 100 கிராம் விலை எழுதி வைப்பியளோ அண்ணை? எழுதுறதுக்கு ஆள் இல்லாட்டிச் சொல்லுங்கோ, உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்தில எனக்குத் தெரிஞ்ச கணக்கு ரீச்சர் இருக்கிறா, பிள்ளையள் கணக்குப் பாத்துத் தருங்கள்.

முள்ளியவளைக் கடை:
பத்துச் சாமானுக்கு எழுதலாம். பக்கற் சாமானும் சேத்தோ?

ரீச்சர் (கிளிநொச்சி):
பக்கற் சாமான்தான் முதல்ல. சவுக்காரத்தில இருந்து தொடங்குங்கோ.