மறு: நுழைவு வளைவு நன்கொடை – கடிதத்தைக் கொடுக்கும் முன்

சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் நுழைவு வளைவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பொருளாளர் அண்ணன் மடல் போட்டதிலிருந்து, கல்வெட்டில் யார் வீட்டுப் பேர் முதலில் வரும் என்பதுதான் பேச்சாக இருக்கிறது. நம்ம ஊரில் வீட்டுமனை போட்டு விற்க வருகிறவர்கள் வளைவின் பாதிச் செலவை ஏற்கிறார்கள், பதிலுக்குச் சங்கம் 'ஊருக்கு ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் தர வேண்டும் என்று அதே மடலில் ஒரு வரி இருந்தது. அதை யாரும் தொடவில்லை. எனக்கு அந்த வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எங்கள் சின்னம்மா இப்போதுதான் ஊருக்குப் போய் வந்தார். மேலக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் நம்ம கண்மாய்க்கு வர இருப்பது ஒரே வாய்க்கால், அந்த வரத்துக்கால்தான். அதில் கிராவல் அடித்து மேடாக்கி, நடுவில் ஒற்றைச் சிமெண்டுக் குழாயைப் புதைத்திருக்கிறார்களாம். படம் அனுப்பினார். தண்ணீர்க் குடத்தை உள்ளே தள்ளினால் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான் அந்தக் குழாயின் வாய். அதிலும் பாதி மண்ணும் கருவேல முள்ளும். கரையில் வரிசையாக நின்ற பனைகளில் ஒன்றுகூட இல்லை. விளம்பரத் தாளில் அந்த இடத்துக்கு '30 அடிச் சாலை' என்று பேர்.

தலைவர் மாமா, 'சுற்றுச்சூழல் அனுமதியை எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், நமக்கெதற்கு?' என்று எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள் மாமா. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட வேண்டும், அல்லது மொத்த இடம் 50 ஹெக்டேராவது இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த அனுமதியே தேவை. 50 ஹெக்டேர் என்றால் 120 ஏக்கருக்கு மேல். இங்கே வருவது 40 ஏக்கர். வெறும் மனையாக விற்றுவிட்டால் வீட்டை அவரவர் கட்டிக்கொள்வார்கள், அதனால் கட்டடப் பரப்பும் கணக்கில் வராது. ஆக, தண்ணீர் எந்த வழியாக வரும், எங்கே போய் நிற்கும் என்று எந்த ஆய்வும் நடக்கப் போவதில்லை.

மிச்சம் இருப்பது நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல். அதற்கு வருவாய்த் துறையின் அறிக்கை போக வேண்டும். அந்தக் கோப்பில் நம்ம சங்கத்தின் கடிதமும் சேர்ந்திருந்தால், நாளைக்கு யார் போய் வாய்க்காலைக் காணவில்லை என்று கேட்க முடியும்?

பூங்காவுக்கு இடம் தருகிறார்கள் என்று பெருமையாக எழுதிய துபாய்த் தம்பிக்கு ஒன்று. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். சாலைகளும் அப்படித்தான். அது விதி, நமக்குச் செய்கிற உபகாரம் இல்லை.

எங்கள் நிலம் விலை போகாத ஆத்திரத்தில் பேசுகிறேன் என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். பம்புசெட் விவகாரத்தில் எங்கள் அப்பாவைப் பேசிய அதே வாய். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தாத்தா வயல்களுக்குக் கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். ராத்திரி மழை பிடித்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வரத்துக்காலுக்குத்தான் ஓடுவார், அப்புறம்தான் மடைக்கு. கண்மாய் பெருகினால்தான் பிள்ளையார் கோயில் கிணறு ஊறும். ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. இனி மனைக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு, பக்கத்திலேயே ஒரு கழிவுநீர்த் தொட்டி என்று வந்தால் அந்தக் கிணறு என்ன ஆகும்?

மழை வலுத்த வருடம் இன்னும் மோசம். குழாய்க்குள் அடங்காத வெள்ளம் பள்ளமான காலனித் தெருவுக்குள்தான் இறங்கும். அங்கிருந்து இந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை, அவர்களுக்காகப் பேச. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் நம்ம ஆட்கள் மொட்டை மாடியில் நின்றபோது, ஏரியில் வீடு கட்ட யார் விட்டது என்று இதே குழுவில் எத்தனை பேர் கொதித்தோம்!

நான் கேட்பது இதுதான். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் இணையத்தில் எடுத்திருக்கிறேன். வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருக்கிறது, அரசுப் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கிறது. தாசில்தாரிடம் மனுக் கொடுத்து, அளந்து கல் ஊன்றச் சொல்ல வேண்டும். நம்ம கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலம், 100 ஏக்கருக்குள் என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் நகல் போக வேண்டும். நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் வர வேண்டும். வக்கீலுக்கும், நம்ம பக்கம் நின்று அளவைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவருக்கும் ஆகும் செலவை வளைவுப் பணத்திலிருந்து எடுங்கள். என் பங்கை அதற்கென்றே அனுப்புகிறேன்.

– தெற்குத் தெரு நீர்ப்பாய்ச்சி வீட்டுப் பேத்தி, மஸ்கட்

*

தங்கச்சிக்கு,

வளைவு என்று சொல்லி வாங்கிய பணத்தை வேறு தலைப்பில் எடுக்கப் பொதுக்குழு தீர்மானம் வேண்டும். தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நான் தொட மாட்டேன், பள்ளிக்கூடக் கூரை விஷயத்தில் பட்டது போதும். உன் பங்கைத் தனியாக வரவு வைக்கிறேன். உங்கள் தெருவில் கிணறு தூர்வாரிய ரசீது இன்னும் வரவில்லை, அதையும் உன் அண்ணனிடம் கேட்டு அனுப்பச் சொல்.

நீ சொன்ன அந்த ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம் செயற்குழுவில் வாசிக்கப்படவே இல்லை. லெட்டர்பேடும் முத்திரையும் தலைவரிடம் இருக்கின்றன. மாமா, கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா? இங்கேயே பதில் சொல்லுங்கள். அதுவரை வளைவுக்கு யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

– பொருளாளர்