பாகப்பிரிவினை: பங்குகளைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறதே?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு பெண் மௌத்தாகிறார் (இறந்துபோகிறார்). கணவர், இரண்டு மகள்கள், தாய், தந்தை இருக்கிறார்கள், மகன் இல்லை. குர்ஆனின் நிஸா அத்தியாயம் 11, 12ஆம் வசனங்களின்படி கணவருக்குக் கால், மகள்களுக்கு மூன்றில் இரண்டு, பெற்றோருக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. பன்னிரண்டாக வைத்துப் பார்த்தால் 3 + 8 + 2 + 2 = 15 வருகிறது. கணவருக்கு முழுக் காலையும் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மீதியைப் பிரித்துக்கொள்வதா? தந்தை மீதிக்கு உரியவர் என்கிறார்கள். மீதியே இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லையா?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கூட்டல் சரிதான். பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டும் இந்த நிலைக்கு ‘அவ்ல்’ என்று பெயர். வழி எளிது: 12ஐ விட்டுவிட்டு 15ஐயே வகுக்கும் எண்ணாக வையுங்கள். கணவருக்கு 15இல் 3, மகள்களுக்கு 8 (ஆளுக்கு 4), தாய்க்கு 2, தந்தைக்கு 2. குறைவு எல்லோர் மீதும் ஒரே விகிதத்தில் விழுகிறது. கணவரை முதலில் எழுப்பி அனுப்பிவிட்டால் முழுச் சுமையும் மற்றவர்கள் தலையில்தான் விழும்.

தந்தைக்கு இங்கே இரண்டு தகுதி. ஆறில் ஒன்று அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட பங்கு. மகள்கள் மட்டும் இருந்து, எல்லோருக்கும் கொடுத்தபின் எதுவும் மிஞ்சினால் அதுவும் அவருக்கு. மிஞ்சாவிட்டால் இரண்டாவதுதான் போகும், முதலாவது நிற்கும்.

ஆனால் பங்கு போடுவதற்கு முந்திய வேலையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இறந்தவர் மனைவி என்பதால், கணவர் கொடுக்காமல் பாக்கி வைத்த மஹர் (மணக்கொடை) அந்த மனைவியின் சொத்தில் சேர வேண்டும். அதை யாரும் எழுதுவதில்லை! அவர் பெயரிலுள்ள சொத்தும் நகையும் 17,00,000, மஹர் பாக்கி 1,00,000 என்று வைப்போம். மொத்தம் 18,00,000. ஜனாஸா (அடக்கச்) செலவைக் கணவரே ஏற்றுக்கொண்டார்; கடன் 3,00,000 கழிகிறது. வஸிய்யத் (மரண சாசனம்) இருந்தால், மீந்த 15,00,000இல் மூன்றில் ஒன்று வரை, அதாவது 5,00,000 வரை, வாரிசு அல்லாதவருக்குப் போகலாம். இல்லையென்றால் ஒரு பாகம் 1,00,000. கணவருக்கு 3,00,000, மஹர் பாக்கி அவரிடமே இருப்பதால் கையில் வாங்குவது 2,00,000. ஒவ்வொரு மகளுக்கும் 4,00,000, தாய்க்கு 2,00,000, தந்தைக்கு 2,00,000.

பதில் 2:
இது கலீஃபா உமர் (ரலி) ஆட்சியில் (634–644) எழுந்த பிரச்சினை. கணவரும் இரண்டு சகோதரிகளும் மட்டும்: பிள்ளை இல்லாததால் கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறாக வைத்தால் 3 + 4 = 7. இறந்தவர் 6 விட்டுப் போயிருக்கிறார், ஒருவருக்கு 3, மற்றவருக்கு 4 கடன் என்றால் என்ன செய்வோம்? ஏழாகப் பிரித்து அவரவர் அளவுக்குக் கொடுப்போம். அந்த ஒப்புமையில்தான் தீர்ப்பானது என்று கூறப்படுகிறது. வசனங்களுக்குள் முரண்பாடு என்று நினைப்பவர்கள் இந்தக் கடன் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். உரிமைகள் எல்லாம் உண்மையானவை, பொருள்தான் போதவில்லை.

மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை என்றால் 24க்கு 3 + 16 + 4 + 4 = 27. மிம்பரில் (பள்ளிவாசல் பிரசங்க மேடையில்) நின்றபடியே கலீஃபா அலீ (ரலி) ‘மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது’ என்று பதில் சொன்னதாக அறிவிப்பு உண்டு. 3/27 அதுதான்.

சரிபார்க்க ஒரு வழி: 6 என்ற மூலம் (வகுக்கும் எண்) 7, 8, 9, 10 வரை ஏறும்; 12 என்பது 13, 15, 17; 24 என்பது 27 மட்டும். உங்களுக்கு 14 வந்தால் எங்கோ தவறு. 2, 3, 4, 8 ஏறவே ஏறாது.

பதில் 3:
மேலே உள்ளது ஸுன்னி மத்ஹபுகள் (சட்டப் பிரிவுகள்) நான்கின் வழி. நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அவ்லை ஏற்கவில்லை. ஷியாக்களின் ஜஅஃபரி மத்ஹபும் ஏற்பதில்லை. அங்கே கணவர் 3/12, பெற்றோர் ஆளுக்கு 2/12 முழுதாகப் பெறுவார்கள். மகள்களுக்கு மிஞ்சுவது 5/12. குடும்பம் எந்த மத்ஹபு என்பதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ஜஸாக்கல்லாஹு கைரன். கூடவே ஒரு மகனும் இருந்தால் 15 நிற்குமா?

பதில் 1:
நிற்காது. மகன் வந்ததும் மகள்களின் மூன்றில் இரண்டு போய், அவர்களும் அவனோடு மீதிக்கு உரியவர்களாகிறார்கள். 12 − (3 + 2 + 2) = 5. அதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என நான்காக்க வேண்டும். 5 நான்கால் வகுபடாததால் மூலத்தை 48 ஆக்குங்கள்: கணவர் 12, தாய் 8, தந்தை 8, மகன் 10, மகள்கள் ஆளுக்கு 5.